கிட்னி மாற்றியவருக்கு எதிர்ப்பு சக்தி குறைவது பக்கவிளைவா?

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணனுக்கு அம்மாவின் கிட்னியை வைத்து நாலு மாதம் ஆகிறது. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் சாப்பிடுகிறார். கூடவே செப்ட்ரான், வால்கன்சைக்ளோவிர். கிரியாட்டினின் 1.2. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். போன வாரம் வெள்ளை அணு 2,600 என்று வந்ததும் மைக்கோபினோலேட்டைப் பாதியாக்கி, வால்கன்சைக்ளோவிரை நிறுத்திவிட்டார்கள். இந்த மருந்துகளால் எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்கிறார்களே, உண்மையா? இந்தப் பக்கவிளைவு இல்லாத மருந்துக்கு மாற முடியாதா? எப்போது நிறுத்தலாம்? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை வேறு இருக்கிறது."

சிறுநீரக மாற்று ஓ.பி.யில் பல வருடம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கை நடுங்குவது, முடி கொட்டுவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் டாக்ரோலிமஸின் பக்கவிளைவுகள். எதிர்ப்பு சக்தி குறைவதை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. மாத்திரையைக் கொடுப்பதே அதற்காகத்தான். எதிர்ப்பு சக்தியைத் தொடாத மருந்து என்று ஒன்று இருந்தால் அது கிட்னியையும் காப்பாற்றாது.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த சிறுநீரக மாற்றுதான் உலகில் முதன்முதலாக நீடித்து வெற்றிபெற்றது. அதில் இந்த மாத்திரைகள் எதுவுமே தேவைப்படவில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள். உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரியும். பெற்ற தாயின் கிட்னியே ஆனாலும், அதன் மேலிருக்கும் எச்.எல்.ஏ. அடையாளங்களில் பொதுவாகப் பாதிதான் மகனோடு ஒத்துப்போகும். மகனுக்கு மறுபாதி அப்பாவிடமிருந்து வந்ததல்லவா. ஒத்துப்போகாத பாதியை டி செல் என்கிற வெள்ளை அணு கண்டுபிடித்துவிடும்.

கண்டுபிடித்ததும் அது செய்கிற முதல் வேலை, இன்டர்லூக்கின்-2 என்ற பொருளைச் சுரப்பது. ஊரில் தமுக்கு அடிக்கிற மாதிரி. சத்தம் கேட்டு மற்ற டி செல்கள் பெருகி, கூட்டமாக வந்து கிட்னியை அடிக்கும். டாக்ரோலிமஸ் தமுக்கு அடிப்பவரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. மைக்கோபினோலேட்டின் வழி வேறு. ஒரு செல் இரண்டாகப் பெருக வேண்டுமென்றால் டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள் வேண்டும். மற்ற செல்கள் பழசை எடுத்துத் திரும்பப் பயன்படுத்தியாவது சமாளிக்கும். டி செல்லும், பி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவும் புதிதாகத் தயாரித்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தயாரிப்பை மைக்கோபினோலேட் அடைத்துவிடுகிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மொத்தச் சத்தத்தையும் தணிக்கும். சிக்கல் என்னவென்றால், தமுக்கு எதற்காக அடிக்கப்படுகிறது என்பது இந்த மூன்றுக்கும் தெரியாது. அம்மாவின் கிட்னியைப் பார்த்து அடித்தாலும் அமுக்கும், காசநோய்க் கிருமியைப் பார்த்து அடித்தாலும் அமுக்கும்.

சரி, அப்படியானால் எதிர்ப்பு சக்தி முழுக்கப் போய்விட்டதா? இல்லை. காலில் முள் குத்தினால் சீழ் பிடிக்காமல் முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள். அவற்றை இந்த மருந்துகள் அவ்வளவாகக் கட்டிப்போடுவதில்லை. அதனால்தான் அண்ணன் நடமாடுகிறார், சின்னக் காயம் பட்டால் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. அடி வாங்குவது டி செல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலைகள்: வைரஸ், பூஞ்சை, காசநோய், அப்புறம் சில வகைப் புற்றுநோய்.

வீட்டுக்காரர்கள் வாசலில் சானிடைசர் வைப்பார்கள், சொந்தக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள், முகக்கவசம் போடுவார்கள். நல்ல பழக்கம்தான், முதல் மாதங்களில் கட்டாயம் வேண்டும். ஆனால் எங்களைத் தூங்கவிடாத கிருமிகளில் பல வாசல் வழியாக வருவதே இல்லை. அவை ஏற்கெனவே உள்ளே குடியிருப்பவை. சின்ன வயதில் வந்து, உடம்பை விட்டுப் போகாமல், டி செல்லின் கண்காணிப்பில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தவை. சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) அப்படி, எப்ஸ்டீன்-பார் வைரஸ் அப்படி, சின்னம்மை வைரஸ் அப்படி, பி.கே. வைரஸ் அப்படி, காசநோயும் அப்படியே. காவல் தளர்ந்ததும் எழுந்து உட்காரும். சில சமயம் கொடுத்தவரின் கிட்னியோடு சேர்ந்தே வரும்.

இப்போது அந்த 2,600-க்கு வருகிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து ஐந்தாவது மாதத்துக்குள் வெள்ளை அணு இறங்குவது எங்கள் ஓ.பி.யில் வாராவாரம் பார்க்கிற காட்சி. பார்க்க எளிது, காரணம் சொல்லத்தான் கஷ்டம். சந்தேகப்பட வேண்டியவர்கள் நாலு பேர். வெள்ளை அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை மைக்கோபினோலேட் அடக்கும். வால்கன்சைக்ளோவிரும் அடக்கும். செப்ட்ரான் கொஞ்சம் அடக்கும். நாலாவது ஆள் சி.எம்.வி. வைரஸே, அது கிளம்பினாலும் வெள்ளை அணு இறங்கும். வேடிக்கை பாருங்கள், அந்த வைரஸைத் தடுக்கத்தான் வால்கன்சைக்ளோவிர் கொடுத்தது. ஆகவே அணு குறைந்ததென்று வால்கன்சைக்ளோவிரை நிறுத்தினால், குறைத்தது மருந்தாக இருந்தால் சரியாகும், வைரஸாக இருந்தால் இன்னும் மோசமாகும். இந்த முடிச்சை அவிழ்க்க ரத்தத்தில் சி.எம்.வி. பி.சி.ஆர். பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்றால் தைரியமாக மருந்துகளைக் குறைக்கலாம். நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,000-க்குக் கீழே போனால் மஜ்ஜையைத் தூண்ட ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போடுவதும் உண்டு.

ஆனால் மைக்கோபினோலேட்டைப் பாதியாக்கினால் தமுக்குச் சத்தத்துக்குக் கூட்டம் பெருகக் கொஞ்சம் வழி கிடைக்கிறது. ரிஜெக்‌ஷன் வாய்ப்பு, அதாவது உடம்பு கிட்னியை ஏற்காமல் தாக்கும் வாய்ப்பு, கூடும். எனவே குறைத்த அன்றே 'எப்போது பழைய அளவுக்குத் திரும்புவது' என்ற கேள்வியும் தொடங்கிவிடுகிறது. பல வீடுகளில் இது தவறிப்போகும். குறைத்தது நினைவிருக்கும், கூட்டச் சொன்னது நினைவிருக்காது. ஒரு பெண்மணி எட்டு மாதம் பாதி அளவிலேயே இருந்தார், யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. பழைய சீட்டை யாரோ ஒரு பயிற்சி மருத்துவர் புரட்டியபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, கிட்னி தாங்கியிருந்தது.

சி.எம்.வி. நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு நல்லதும் உண்டு. கொடுப்பவருக்கு இருந்து, வாங்குபவர் அதுவரை அந்த வைரஸைச் சந்திக்காதவராக இருந்தால்தான் ஆபத்து மிக அதிகம். அவருக்கு ஆறு மாதம் வரை தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். ஏற்கெனவே சந்தித்தவருக்குப் பொதுவாக மூன்று மாதம். சி.எம்.வி. கிளம்பினால் காய்ச்சல், சோர்வு, வயிற்றுப்போக்கு. குடலில் புண்ணாகி ரத்தமும் போகலாம். நேரத்தில் பிடித்தால் மாத்திரைக்கே கேட்கும்.

செப்ட்ரான் விஷயம் தனி. "இது சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன் மாத்திரை, ஒரு வருடமாக ஏன் தருகிறீர்கள்" என்று சிலர் கோபப்படுவார்கள். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை, நுரையீரலைப் பஞ்சு அடைத்த மாதிரி ஆக்கிவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், எக்ஸ்ரேயில் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது வராமல் இருப்பதற்கு அந்த மலிவான மாத்திரைதான் காரணம். கூடவே டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியையும், நொகார்டியா என்ற இன்னொரு கிருமியில் ஒரு பங்கையும் தடுக்கிறது. மூட்டையாக வாங்கும் மருந்துகளில் விலை குறைந்தது அதுதான். முதலில் விட்டுவிடுவதும் அதைத்தான்.

பி.கே. வைரஸ் பற்றி யாரும் வீட்டாரிடம் விளக்குவதில்லை என்பது என் குறை. 1971-இல் மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்ததால், அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைரஸுக்கு வைத்துவிட்டார்கள். நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்து கிட்னியிலேயே தங்கிவிடும், ஒன்றும் செய்யாது. எதிர்ப்பு சக்தியை அடக்கினால், புது கிட்னியின் குழாய்ச் செல்களை உள்ளிருந்து அரிக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கிட்னி வேலை குறைந்தால் ஏறும் கிரியாட்டினின் மட்டும் 1.2, 1.5, 1.8 என்று ஏறும். காகிதத்தில் பார்த்தால் அசல் ரிஜெக்‌ஷன் மாதிரியே இருக்கும். ரிஜெக்‌ஷன் என்று நினைத்து மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வைரஸுக்கு விருந்து வைத்த கதை. ஒன்றுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் குறைக்க வேண்டும். நேர் எதிர். அதனால்தான் கிரியாட்டினின் ஏறினால் பயாப்ஸி, அதாவது கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்ப்பது, என்கிறோம். "ஊசியைக் குத்திப் பணம் பிடுங்கவா" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். பி.கே.வை நேரடியாகக் கொல்லும் நம்பகமான மருந்து கிடையாது. எதிர்ப்பு சக்தியின் கட்டைத் தளர்த்தி, உடம்பே அதை அடக்கும்படி விடுவதுதான் சிகிச்சை. ரத்தத்தில் பி.கே. பரிசோதனையை முதல் மாதங்களில் மாதாமாதம் பார்த்து வந்தால், கிரியாட்டினின் ஏறும் முன்பே தெரிந்துவிடும். அண்ணனுக்குப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

காசநோய் நம் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் மனதில் இருக்க வேண்டிய ஒன்று. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சில சமயம் இருமலே இல்லாமல் முதுகெலும்பிலோ குடலிலோ கழுத்து நெறிக்கட்டியிலோ வரும். இங்கே ஆபத்து நோயில் பாதி, சிகிச்சையில் பாதி. ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை, ஈரலில் டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியைப் பல மடங்கு கூட்டிவிடும். உள்ளூரில் ஒரு மருத்துவர் காசநோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்தையே தொடங்குகிறார். ஆனால் மாற்று சிகிச்சை செய்த இடத்துக்குச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து நாளில் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் இல்லாத மாதிரி ஆகிவிடும். அடுத்து ரிஜெக்‌ஷன். நாங்கள் ரிஃபாம்பிசின் கொடுத்தால் டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டி, அடிக்கடி லெவல் பார்ப்போம், அல்லது ரிஃபாம்பிசினைத் தவிர்த்து வேறு கூட்டு மருந்து கொடுப்போம். ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது இன்னொரு கண்டம்: நொதி அடங்க இரண்டு வாரம் ஆகும், அப்போது கூட்டிவைத்த டாக்ரோலிமஸ் ஜிவ்வென்று ஏறும்.

எதிர்ப்பக்கமாக, ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம் போன்றவை டாக்ரோலிமஸை உடையவிடாமல் தடுத்து லெவலை ஏற்றும். பம்ப்ளிமாஸ் பழமும் அந்த வேலையைச் செய்யும், அதனால் அது வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் லெவல் குறையும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் ஏறும், ஏனென்றால் குடல் சுவரில் மருந்தை உடைக்கிற வேலையும் கெட்டுப்போகிறது. லெவல் ஏறினால் கட்டு இறுகும், தொற்று வரும். கூடவே கிட்னிக்கும் விஷம்.

லெவல் என்றதும் ஒரு காட்சி. காலை எட்டரை மணி, ரத்தம் எடுக்கும் வரிசை. ஒரு பெரியவர் வெறும் வயிற்றில் வந்திருக்கிறார், ஆனால் "மாத்திரையை மட்டும் தவறவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்களே" என்று வீட்டிலேயே எட்டு மணிக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டார். லெவல் 21 என்று வந்தது. அவருக்கு இருக்க வேண்டியது 8. புதிதாக வந்த மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். பத்து நாள் கழித்து நான் பார்க்கும்போது உண்மையான லெவல் 3. பெரியவர் மேல் தப்பே இல்லை, நாங்கள் கேட்டிருக்க வேண்டும். முந்தைய இரவு மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையில் பன்னிரண்டு மணி நேரம், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் பிராண்டு மாற்றிக் கொடுத்தாலும் சொல்ல வேண்டும். மாறிய பிறகு ஒரு லெவல் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒரு முறை போடும் வகையும் இரண்டு முறை போடும் வகையும் வேறு வேறு, பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அம்மை, அக்கி இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வழக்கங்கள் இங்கே குறுக்கே வரும். விழுப்புரம் பக்கத்து கிராமத்திலிருந்து ஓர் இளைஞர், மாற்று செய்து பதினோரு மாதம். உடம்பில் கொப்புளம் கண்டதும் வீட்டில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். 'அம்மை இறங்கும்வரை மருந்து மாத்திரை கூடாது' என்று மூன்று மாத்திரையும் நின்றது. ஸ்டீராய்டு உட்பட. ஐந்தாம் நாள் மூச்சிரைப்போடு வந்தார். முதுகு முழுக்க, வாய்க்குள்கூட கொப்புளம், நுரையீரலில் நிமோனியா, திடீரென்று ஸ்டீராய்டு நின்றதில் ரத்த அழுத்தம் 80. பத்து நாள் ஏசைக்ளோவிர் ஊசியில் பிழைத்தார். கிரியாட்டினின் 1.3 இருந்தது 1.9-இல் நின்றுவிட்டது, இன்றுவரை அதேதான். அவர் அம்மாவை நான் திட்டவில்லை. அந்த வீட்டில் அம்மைக்கு வேறு என்ன செய்வார்கள்? சாமிக்குச் செய்வதை எல்லாம் செய்யுங்கள், வேப்பிலையும் கட்டுங்கள், ஆனால் முதல் கொப்புளத்தன்றே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றுதான் டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு வீட்டாரிடமும் இப்போது சொல்கிறேன். அந்தச் சமயத்தில் மைக்கோபினோலேட்டை நாங்களே சில நாள் நிறுத்துவதும் உண்டு. எதை நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

அக்கி அதே வைரஸ், பழைய அம்மை நரம்பில் படுத்திருந்து எழுவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சல், பிறகு கொப்புளம். மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவி கரைத்து 'அக்கி எழுதிக்கொண்டு' வருவது நம் ஊர் பழக்கம். சாதாரண ஆளுக்கு அதுவாகவே ஆறிவிடும், பெயர் காவிக்குப் போகும். மாற்று செய்தவருக்கு 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் உண்டு. தாமதித்தால் கண்ணுக்கோ மூளைக்கோ பரவலாம்.

இப்போது குழந்தை. குழந்தையைப் பிரிக்க வேண்டாம். அதன் தடுப்பூசிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். குழந்தைக்கு நோய் வராமல் இருப்பதுதான் அண்ணனுக்குப் பாதுகாப்பு. தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டுக்கொள்ளலாம், சின்னம்மை ஊசியைக் காசு கொடுத்தாவது போடுங்கள். சின்னம்மை ஊசிக்குப் பிறகு குழந்தைக்குக் கொப்புளம் வந்தால் மட்டும் அது ஆறும்வரை பெரியப்பா தள்ளி இருக்கட்டும். போலியோ வாய்ச்சொட்டில் இருப்பது உயிருள்ள வைரஸ், குழந்தையின் மலத்தில் சில வாரம் போகும். முடிந்தால் ஊசி வடிவத்தைக் கேளுங்கள். சொட்டுதான் என்றால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு அண்ணன் ஜட்டி மாற்றுவது, கழுவிவிடுவது இரண்டிலிருந்தும் விலகி இருக்கட்டும். (இதற்கு எந்தப் பெரியப்பாவும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.)

அண்ணனுக்கு உயிருள்ள தடுப்பூசி எதுவும் கூடாது. உயிரில்லாத வகை போடலாம், போட வேண்டும்: வருடா வருடம் ஃப்ளூ, நிமோகாக்கஸ், ஹெபடைடிஸ் பி. பலன் மட்டும் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவு கிடைக்காது. 2021-இல் அமெரிக்காவில் உறுப்பு மாற்று செய்த 658 பேரைப் பார்த்ததில், எம்.ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் ஊசி இரண்டு போட்ட பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் எதிரணு (ஆன்டிபாடி) உருவாகியிருந்தது. மைக்கோபினோலேட் வகை மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் குறைவு. இதனால்தான் வீட்டில் உள்ள மற்றவர்கள் முதலில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறோம்.

காய்ச்சல் பற்றி ஒன்று. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். 100.4 டிகிரி தொட்டால் பாரசிட்டமால் போடும் முன் ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். காய்ச்சலே இல்லாமல் சாப்பாடு பிடிக்கவில்லை, மசமசவென்று இருக்கிறது என்றாலும் அது எங்களுக்குச் செய்திதான். இரண்டு மூன்று வாரமாக விடாத தலைவலியை வெயில் என்று விடக் கூடாது, மூளையைச் சுற்றிப் பூஞ்சை வந்தால் அப்படித்தான் மெதுவாகத் தொடங்கும். தண்ணீர் கொதிக்க வைத்ததாக இருக்கட்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒன்று குளோரினுக்கும் அசையாது, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு கொடுக்கும். வயலில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்: பாதத் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்புழு, ஸ்டீராய்டு எடுப்பவருக்கு உடம்பெங்கும் பரவிவிடும். மண்ணைத் தொடாதே என்கிற இந்த டாக்ரோலிமஸ் வந்ததே மண்ணிலிருந்துதான் என்பது ஒரு வேடிக்கை. ஜப்பானின் சுகுபா மலையடிவாரத்து மண்ணிலிருந்த நுண்ணுயிரில் 1984-இல் கண்டுபிடித்தார்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடி, கஷாயம், சீந்தில், அமுக்கரா எதுவும் வேண்டாம். நாங்கள் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழித்து அடக்குவதை அது எழுப்பப் பார்க்கிறது.

புற்றுநோய் பற்றிச் சுருக்கமாக. வெள்ளையர்களிடம் தோல் புற்று பல பத்து மடங்கு கூடுகிறது. நம் தோலில் அவ்வளவு இல்லை. நம்மிடம் மரு நிறைய வரும். உதடு, பிறப்புறுப்புப் பகுதியில் ஆறாத புண் இருந்தால் கூச்சப்படாமல் காட்ட வேண்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் ஒரு வகை லிம்போமா அரிது, ஆனால் முதல் வருடத்திலேயே வரலாம். பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையை வருடம் ஒரு முறை செய்துகொள்ள வேண்டும்.

அடக்குவதோடு கூடவே எதிர்ப்பு சக்தியைச் சீண்டிவிடும் மருந்துகளும் உண்டு. அறுவை சிகிச்சையின்போது சிலருக்கு ஏ.டி.ஜி. என்ற ஊசி போடுவார்கள். அது முயலிலிருந்து எடுத்த எதிரணு. முதல் பாட்டில் ஏறும்போதே குளிர் காய்ச்சல் வரலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து மூட்டு வலி, தடிப்பு, காய்ச்சல் என்று உடம்பு அந்த முயல் புரதத்தோடு சண்டை போடுவதும் உண்டு. ஏ.டி.ஜி. போட்டவர்களுக்கு டி செல் மீண்டு வர மாதக்கணக்கில் ஆகும், தொற்று ஆபத்தும் அதற்கேற்ப நீளும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரையான சிரோலிமஸ் சிலருக்குக் கிருமியே இல்லாமல் நுரையீரலை வீங்க வைக்கும், வாய்ப்புண் கொடுக்கும்.

மாற்ற முடியாதா, குறைக்க முடியாதா என்றால், உலகமே குறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. 2007-இல் வெளியான சிம்பொனி என்ற ஆய்வில் 1,645 பேரை நாலு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மைக்கோபினோலேட், ஸ்டீராய்டோடு குறைந்த அளவு டாக்ரோலிமஸ், லெவல் 3 முதல் 7 வரை வைத்த பிரிவுதான் ரிஜெக்‌ஷனிலும் கிட்னி வேலையிலும் மற்ற மூன்றையும்விட நன்றாக இருந்தது. அண்ணன் எடுக்கும் கூட்டு அதன் வழியில் வந்ததுதான். முதல் மூன்று மாதம் லெவலை 8-க்கு மேல் வைத்து, பிறகு 5 முதல் 8 வரை இறக்குவது பல இடங்களில் வழக்கம். மையத்துக்கு மையம் கொஞ்சம் வேறுபடும். ஸ்டீராய்டும் படிப்படியாகக் குறையும். அதனால் தொற்று ஆபத்து உச்சத்தில் இருப்பது முதல் ஆறு மாதம். கிரியாட்டினின் நிலையாக இருந்து, ரிஜெக்‌ஷன் எதுவும் வராமல் போனால் பிறகு படிப்படியாக இறங்கும். நடுவில் ரிஜெக்‌ஷன் வந்து பெரிய சிகிச்சை கொடுத்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், செப்ட்ரானும் வால்கன்சைக்ளோவிரும் திரும்ப வரும்.

முழுதாக நிறுத்துவது, இன்றைய நிலையில் கிடையாது. கொடுத்தவரின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து வைத்து, மருந்தே இல்லாமல் சிலர் வருடக்கணக்கில் இருப்பதை பாஸ்டன், ஸ்டான்போர்டு குழுக்கள் காட்டியிருக்கின்றன. அதற்கு முன் கொடுக்கும் கதிர்வீச்சும் மருந்தும் லேசானவை அல்ல. பயந்துபோய் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்று. கிட்னிக்கு எதிரான எதிரணு மெதுவாக உருவாகி, இரண்டு மூன்று வருடம் கழித்துச் சிறுநீரில் புரதமாகத் தெரியும். அந்த வகை ரிஜெக்‌ஷனைத் திருப்ப எங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது கையில் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். வால்கன்சைக்ளோவிரை நிறுத்தியது மூன்று மாதக் கெடு முடிந்ததாலா, அணு குறைந்ததாலா. அணு குறைந்ததால் என்றால் சி.எம்.வி. பி.சி.ஆர். எப்போது பார்ப்பீர்கள்? பி.கே. பார்த்தாயிற்றா? மைக்கோபினோலேட்டை எந்த எண்ணிக்கை வந்ததும் பழைய அளவுக்குக் கூட்ட வேண்டும்? மூன்றாவதற்கு அவர் சொல்லும் பதிலை, தேதியோடு, மாத்திரைப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.